பத்தாவது பிள்ளையும் மூணு அஞ்சு நோட்டும்

அப்பா போய் இரண்டு வருடம் கழித்துத்தான் அந்த நோட்டுகள் கிடைத்தன. பினாங்கு ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடி வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவை பட்டர்வொர்த்தில் இருக்கும் தம்பி வீட்டுக்கு மாற்றிய சமயம். சமையலறை அலமாரியின் மேல்தட்டில் துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. தம்பி நாற்காலி மேல் நின்றபடியே திறந்து பார்த்துவிட்டு, "எல்லாம் கடைக்கணக்குக்கா. தூக்கிப் போட்டுடவா?" என்றான். "இங்கே கொடு" என்று வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று தெரியாது. வரலாற்று ஆசிரியைக்குப் பழைய காகிதத்தை எறிய மனம் வராது, அவ்வளவுதான்.

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு 555 நோட்டை விளக்க வேண்டியதில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும், அட்டையில் பெரிதாக அந்த எண் இருக்கும். மளிகைக்கடையில் "மூணு அஞ்சுல எழுதிக்குங்க" என்றால் சம்பளம் வந்ததும் தருகிறேன் என்று அர்த்தம். அப்பாவின் நோட்டுகளிலும் முன்பக்கத்திலிருந்து அதே கதைதான். அரிசி, மண்ணெண்ணெய், கருவாடு, என் பள்ளிக் காலணி. ஆனால் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து புரட்டினால் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"நாகலிங்கம் இலை முழுசும் கொட்டிவிட்டது." "நாகலிங்கம் துளிர்." "அங்சானா பூத்தது. காலையில் மரத்தில், சாயங்காலம் ரோட்டில்." "குட்டிக் குரங்கு இரண்டு, ஒன்று நொண்டி." "பெருமழை, மூணு மணி." ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, பென்சிலில்.

அப்பா தண்ணீர்மலைப் பூங்காவில் தோட்டவேலை பார்த்தார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பினாங்குத் தாவரவியல் பூங்காவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பக்கத்திலேயே முருகன் கோயில். தைப்பூசத்துக்கு ஊரே அங்கே திரளும். 1884-ல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்ற வெள்ளைக்காரர் ஒரு பழைய கல்லுடைப்புக் குழியைச் சுற்றி ஆரம்பித்த பூங்கா அது. கூட்டுவது, களை எடுப்பது, நாற்று மாற்றி நடுவது, காய்ந்த கிளை வெட்டுவது, இதுதான் அப்பாவின் வேலை. மரத்தைப் பற்றிக் குறிப்பு எழுதச் சொல்லி யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

நோட்டுகள் கிடைத்த அதே மாதங்களில் நான் ஜானகி அம்மாளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. இதை எழுதுவதற்குக் காரணமே அந்த ஒட்டல்தான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. எடவலெத் கக்கட் ஜானகி அம்மாள், 1897 நவம்பர் 4-ல் தலைச்சேரியில் பிறந்தவர். செடிகளின் குரோமோசோம்களை, அதாவது செல்லுக்குள் மரபுக் குணங்களைச் சுமக்கும் இழைகளை, ஆராய்ந்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் முனைவர் பட்டம். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம், லண்டனில் ஜான் இன்னஸ் நிறுவனம், இங்கிலாந்திலேயே விஸ்லித் தோட்டம், பிறகு நேரு கூப்பிட்டு இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு. 1977-ல் பத்மஸ்ரீ. 1984 பிப்ரவரியில் மறைந்தார். இதற்கு மேல் பட்டங்களை அடுக்கிக்கொண்டு போனால் பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிடும். எனக்கு அந்த வாழ்க்கையின் முதல் இருபத்தைந்து வருடம்தான் முக்கியமாகப் பட்டது.

அவரைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப்பேர் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். பெண்கள் படிக்காத காலத்தில், எதிர்ப்புகளைத் தாண்டி, தன்னந்தனியாக... பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் "தன்னந்தனியாக" என்ற சொல் வரும்போது எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அந்தக் காலத்தில் பத்தொன்பது பிள்ளைகள் உள்ள வீட்டில் யார் தனியாக இருந்திருக்க முடியும்?

ஆமாம், பத்தொன்பது. அப்பா ஈ. கே. கிருஷ்ணன், அன்றைய மெட்ராஸ் ராஜதானியில் நீதித்துறையில் சப்-ஜட்ஜ், திவான் பகதூர் பட்டம் வாங்கியவர். முதல் மனைவி சாரதா மூலம் ஆறு பிள்ளைகள், பிறகு தேவி மூலம் பதின்மூன்று. ஜானகி பத்தாவது. தலைச்சேரியில் அவர்கள் வீட்டுக்கு 'எடம்' என்று பெயர்.

தலைச்சேரி என்றதும் எனக்கு மிளகு ஞாபகம் வருகிறது. பினாங்குக்காரர்களுக்கு இது ஒன்றும் தூரத்து விஷயம் இல்லை. இந்தத் தீவே ஆரம்பத்தில் மிளகுத் தோட்டமாகத்தான் இருந்தது. ஆனால் கிருஷ்ணன் வீட்டில் விளைந்தது வேறு. அவருக்குத் தோட்டத்தின் மேல் பைத்தியம். என்ன நட்டோம், எது எப்படி வளர்கிறது என்று விவரமாகக் குறிப்பு எழுதி வைப்பார். பறவைகள் மேல் இன்னொரு பைத்தியம். வடக்கு மலபார் பறவைகளைப் பற்றி இரண்டு புத்தகமே எழுதினார். வீட்டில் நல்ல நூலகம். அந்தக் காலத்து அறிஞர்களோடு கடிதப் போக்குவரத்து.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் எல்லாரும் ஒரு வரியில் சொல்லித் தாண்டிவிடுகிறார்கள். எனக்கோ அங்கேதான் கால் நின்றது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு சின்னப் பெண் அப்பா தோட்டத்தில் எதையோ பார்ப்பதைப் பார்க்கிறாள். அதைக் காகிதத்தில் எழுதுவதைப் பார்க்கிறாள். காகிதம் தபாலில் போகிறது. பிறகு ஒருநாள் தபால்காரர் பதில் கொண்டு வருகிறார். யாரோ ஒருவர், முகம் தெரியாதவர், தலைச்சேரித் தோட்டத்தில் ஒருவர் பார்த்ததை மதித்து உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார்.

செடியைப் பார்க்கும் கண் எத்தனையோ வீடுகளில் இருந்திருக்கும். மலபாரில் இருந்தது, எங்கள் ரைஃபிள் ரேஞ்ச் வீட்டிலும் இருந்தது. எழுதினால் பதில் வரும் வீடு எத்தனை? அப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, பார்த்து எழுதுவது என்பது பிழைப்புக்கான ஒரு வழியாகவே தெரிந்திருக்கும். அதைக் கனவு என்று யாரும் பெயர் வைக்கத் தேவையில்லை. ஜானகி அம்மாளை உருவாக்கியவை என்று நான் நினைப்பதில் இதுதான் முதலாவது. மேதைமை எல்லாம் அப்புறம்.

அப்பாவின் நோட்டுக்கு வருகிறேன். அதில் அடிக்கடி வருகிற ஒரு சொல் 'புறாப்பூ'. மரக்கிளைகளில் ஒட்டிக்கொண்டு வளரும் ஒரு ஆர்க்கிட் அது. பூ வெள்ளையாக, சிறியதாக, பறக்கிற புறா மாதிரி இருக்கும். மலாயில் 'அங்கெரிக் மெர்பாத்தி', அங்கேயும் புறாதான். பூக்காத நாளில் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம், சும்மா பச்சைக் குச்சி. பூக்கும் நாளில் ஊரில் உள்ள எல்லாப் புறாப்பூவும் ஒரே காலையில் பூத்து, வாசனையால் தெருவை நிறைத்து, மறுநாள் வாடித் தொங்கும்.

அப்பா 'பெருமழை' என்று எழுதியிருந்த பல பக்கங்களுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் 9. முதலில் கடைக்கணக்கு என்றுதான் நினைத்தேன். ஒன்பது வெள்ளி (ரிங்கிட்) பாக்கியாக இருக்கும். அப்புறம் சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடை ஒன்றில் மலாயாத் தாவரங்களைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, நின்றுகொண்டே படித்த ஒரு பத்தி என்னை அந்த முக்காலியிலேயே உட்கார வைத்துவிட்டது. இந்த ஆர்க்கிட்டின் மொட்டுகள் பாதி வளர்ந்து தூங்கிக்கொண்டிருக்கும். பெருமழை பெய்து காற்று திடீரென்று குளிர்ந்தால், அந்தக் குளிர்ச்சிதான் அவற்றை எழுப்பும். அதிலிருந்து சரியாக ஒன்பதாம் நாள் பூக்கும்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து எண்ணினேன். 'பெருமழை' எழுதிய தேதி, பிறகு 'புறாப்பூ' எழுதிய தேதி. ஒன்பது. இன்னொரு பக்கம். ஒன்பது. ஒரு இடத்தில் எட்டு வந்தது. அதற்குக் கீழே அப்பாவே "தேதி தப்பு" என்று எழுதியிருந்தார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் சொல்லித்தரவில்லை, எந்தப் புத்தகமும் படிக்கவில்லை. பார்த்தார், தேதி போட்டார், எண்ணினார். கிருஷ்ணன் செய்ததும் அதைத்தான். ஒரு வித்தியாசம், அப்பா அதை யாருக்கும் எழுதி அனுப்பவில்லை. யாருக்கு அனுப்புவார்?

சரி, தலைச்சேரிக்குத் திரும்புவோம். ஜானகியின் அம்மா வழிக் கதை கொஞ்சம் சிக்கலானது. பலரும் அதைக் கிசுகிசு மாதிரி எழுதுவதால் எனக்கு எரிச்சல். தேவியின் அப்பா ஜான் சைல்ட் ஹானிங்டன், திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக, அதாவது பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக, இருந்தவர். அம்மா குஞ்ஞி குறும்பி குறுவாய் என்ற தீயர் சமூகப் பெண். கல்யாணம் இல்லை. அப்படிப் பிறந்த தேவி, தீயர் குடும்பத்து நீதிபதி ஒருவருக்கு இரண்டாம் தாரமாகி, பதின்மூன்று பிள்ளை பெற்றார். ஹானிங்டனின் சட்டபூர்வ மகன் ஃபிராங்க், ஐ.சி.எஸ். அதிகாரி, குடகில் கமிஷனர். அவருக்கு ஓய்வுநேர வேலை பட்டாம்பூச்சி பிடிப்பது. பட்டாம்பூச்சிகளைப் பற்றிக் கட்டுரைகளும் எழுதினார். முறைப்படி பார்த்தால் ஜானகிக்குத் தாய்மாமன் முறை.

இதைப் படித்தவுடன் "ஆகா, ரத்தத்திலேயே இயற்கை அறிவியல்" என்று எழுதிவிடுகிறார்கள். ரத்தத்தில் ஒன்றும் இல்லை. ஆங்கில அதிகாரம், சட்டப் படிப்பு, ஐ.சி.எஸ்., ஓய்வுநேரத்தில் பூச்சியும் பறவையும் சேகரிக்கும் பழக்கம், இவையெல்லாம் ஒரே வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த வட்டத்தின் வாசற்படி வரைக்கும் அந்த வீட்டுக்கு இடம் இருந்தது. உள்ளே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்களா என்பது வேறு கேள்வி. காலனி ஆட்சி ஒரு பெண்ணின் பாட்டிக்குக் கல்யாணம் என்ற மரியாதையைத் தரவில்லை. பேத்திக்கு நூலகம் இருக்கும் வீட்டைத் தந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் கணக்கு உதைக்கும்.

இந்தக் கதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குச் சொன்னேன். தம்பி வீட்டு வாசலில், வெள்ளை மீன் பெட்டிகளில் மண் நிரப்பி அம்மா கத்தரிச்செடி வைத்திருக்கிறார். இலைக்கு அடியில் வெள்ளைப்பூச்சியைத் தேடித் தேடி விரலால் நசுக்கிக்கொண்டே கேட்டார். கிருஷ்ணன் தோட்டம், பறவைப் புத்தகம், கடிதம், நூலகம் எல்லாம் சொல்லி முடித்தேன்.

"பத்தொன்பது பிள்ளைன்னு சொன்னியே பாப்பா, ஆக்கிப் போட்டது யாரு?"

பதில் இல்லை என்னிடம். "வேலைக்காரங்க இருந்திருப்பாங்கம்மா" என்றேன்.

"இருந்தாலும்," என்றார். "அந்த அம்மாவுக்குச் செடி பிடிக்குமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எத்தனை கட்டுரை படித்தேன், எல்லாவற்றிலும் தேவி பெயரும் பிறப்பும் வருகின்றன, பிள்ளைகளின் எண்ணிக்கை வருகிறது. பதின்மூன்று தடவை வயிறு நிறைந்து காலியானவர், அந்த எடம் வீட்டின் கொல்லைப்புறத்தில் எதைக் கிள்ளினார், எதை முகர்ந்தார், பிள்ளைக்குச் சளி பிடித்தால் எந்த இலையைக் கசக்கினார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அப்பாவின் நோட்டில் அதிசயப்பட்ட நான், அந்த நோட்டு எழுதப்பட்ட நேரத்தில் மூணு அஞ்சின் முன்பக்கத்துக் கடனை எப்படி அடைப்பது என்று கவலைப்பட்டது யார் என்று யோசித்ததில்லை. ஜானகி பிற்காலத்தில் இந்தியாவில் மருத்துவத்துக்குப் பயன்படும் செடிகளிலும், பழங்குடிகளின் செடி அறிவிலும் மிகுந்த ஈடுபாடு காட்டினார். 1955-ல் பிரின்ஸ்டனில் மனிதன் பூமியை மாற்றிய விதம் பற்றி நடந்த பெரிய மாநாட்டில், பேசக் கூப்பிடப்பட்டவர்களில் ஒரே பெண்ணாக, இந்தியாவின் வாழ்வாதார விவசாயத்தைப் பற்றிப் பேசினார். சமையலறைக்குப் பின்னால் வளர்ந்த அறிவு அது. ஜட்ஜின் நூலகத்தில் மட்டும் அதைக் கற்றிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுகிறது, அவ்வளவுதான். அம்மா கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

அடுத்தது பள்ளிக்கூடம். தலைச்சேரியில் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட். அதற்கப்புறம் மெட்ராஸ். இங்கே என் தொழில் புத்தி தேதிகளைப் பார்க்கச் சொன்னது. மெரினாவில் குயின் மேரிஸ் கல்லூரி ஆரம்பித்தது 1914. மெட்ராஸில் பெண்களுக்கென்று வந்த முதல் கல்லூரி அதுதான். அடுத்த வருடமே, 1915-ல், பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி. ஜானகிக்கு 1914-ல் வயது பதினேழு. கதவு திறந்த அதே நேரத்தில் வாசலில் நின்றிருக்கிறார். குயின் மேரிஸில் படித்து, பிரசிடென்சி கல்லூரியில் 1921-ல் தாவரவியலில் ஆனர்ஸ் முடித்து, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாகச் சேர்ந்தார்.

பத்து வருடம் முன்னால் பிறந்த ஒரு அக்காவுக்கு அதே அப்பா, அதே தோட்டம், அதே நூலகம் இருந்தும், பதினேழு வயதில் மெரினாவில் வெறும் மணல்தான் இருந்திருக்கும். பத்தாவது பிள்ளையாகப் பிறந்ததில் இப்படி ஒரு அதிர்ஷ்டம். இன்னொன்றும் உண்டு. ஒன்பது பேருக்குக் கல்யாணம், படிப்பு, உத்தியோகம் என்று அலைந்து முடித்த வீட்டில், பத்தாவதின் மேல் கண் கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கும். பெரிய குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பிரசிடென்சியில் அப்போது தாவரவியல் பேராசிரியர் ஃபைசன். நீலகிரி, பழனி மலை உச்சிகளின் செடிகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். 1919-ல் இந்தியத் தாவரவியலுக்கென்று ஒரு ஆய்விதழையும் தொடங்கினார். அந்த மலைச்செடி நூலின் படங்களில் பலவற்றை வரைந்தது அவர் மனைவி. பார்த்தீர்களா, அங்கேயும் அதே கதை.

பினாங்கில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் மெட்ராஸ் கல்லூரிகளைவிட ரொம்பப் பழசு. லைட் ஸ்ட்ரீட் கான்வென்ட் 1852-ல் வந்துவிட்டது. ஆனால் இந்தத் தீவில் ஒரு பல்கலைக்கழகம் வருவதற்கு 1969 ஆனது. நான் அதற்கு முந்தின வருடம் பிறந்தேன். கதவு திறந்த நேரத்தில்தான் நானும் இருந்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். வாசல் வரைக்கும் போகவில்லை, அது வேறு.

நான் நான்காம் படிவம் போன வருடம் 1984. ஜானகி அம்மாள் இறந்த அதே வருடம், அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. எனக்கு அறிவியல் பிரிவு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். மதிப்பெண் ஒன்றும் மோசமில்லை. கலைப்பிரிவில் போட்டார்கள். ஏன் என்று கேட்கப்போன அப்பாவிடம், அறிவியல் என்றால் டியூஷன் செலவு ஆகும், வீட்டு நிலைமையைப் பாருங்கள், பெண் பிள்ளைதானே என்று அன்பாகவே சொன்னார்கள். அன்பாகச் சொன்னதால்தான் அப்பாவால் ஒன்றும் பேச முடியவில்லை. காக்கிச்சட்டையோடு, கையில் மண் காயாமல் வந்திருந்தார். திரும்பும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, "வரலாறும் நல்ல பாடம்தான்" என்றார். அது உண்மைதான். நாற்பது வருடமாக அதில்தான் சாப்பிடுகிறேன். ஆனால் மிச்சிகனில் படித்த ஒரு தலைச்சேரிப் பெண்ணைப் பற்றி எழுதும்போது அந்த சைக்கிள் சத்தம் கூடவே வருகிறது, மறைத்து என்ன செய்ய?

மிச்சிகனுக்குப் போன கதை கொஞ்சம் சினிமா மாதிரி. அக்காமார் எல்லாரையும் பார்த்து வைத்த இடத்தில் கட்டிக்கொடுத்த குடும்பம். ஜானகிக்கும் முறைப்பையன் ஒருவர் தயாராக இருந்ததாகக் குடும்பத்தில் சொல்வார்கள். அந்த நேரத்தில் பார்பர் உதவித்தொகை வந்தது. ஆசியப் பெண்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிப்பதற்கென்றே லீவை பார்பர் என்பவர் ஏற்படுத்திய நிதி அது. 1924-ல் கிளம்பிவிட்டார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நியூயார்க் எல்லிஸ் தீவில் குடிநுழைவுச் சிக்கலில் நிறுத்தி வைத்தார்களாம். நீளக் கூந்தல், பட்டுச்சேலை. நீங்கள் இந்திய இளவரசியா என்று கேட்டிருக்கிறார்கள். இவர் இல்லை என்று சொல்லவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு இவரைப் பிடிக்கும்.

அங்கே வழிகாட்டி ஹார்லி ஹாரிஸ் பார்ட்லெட். இவர் 1918-லேயே சுமத்ராவில் ரப்பர்த் தோட்டப் பகுதியில் வேலை பார்த்துச் செடி சேகரித்தவர். நம் கரையிலிருந்து நேர் எதிர்ப்பக்கம். தலைச்சேரிப் பெண்ணுக்கு அமெரிக்காவில் பாடம் சொன்னவருக்கு, நம் ஊர்க் காட்டுச்செடிகளும் நம் ஊர் வெயிலும் தெரிந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். அங்கே ஜானகி உருவாக்கிய ஒரு கத்தரிக்காய் வகைக்கு 'ஜானகி பிரெஞ்சல்' என்றே பெயர் உண்டு. இதை மட்டும் அம்மா ரசித்தார். "கத்தரிக்காய்க்குப் பேர் வெச்சாங்களா? நல்ல பொண்ணுதான்."

அதற்கப்புறம் நடந்ததை வேகமாகவே சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் கரும்பைப் புல்வகைகளோடு, சோளத்தோடு, மூங்கிலோடுகூடக் கலப்பினம் செய்தார். சாதியும் பெண் என்பதும் அங்கே அவருக்கு இடைஞ்சலாக இருந்தன. 1939-ல் எடின்பரோ மரபியல் மாநாட்டுக்குப் போனார், போர் வந்தது, பிரிட்டனிலேயே தங்கிவிட்டார். 1945-ல் மரபியல் அறிஞர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் திரட்டி வெளியிட்ட அட்லஸ் இன்றும் பேசப்படுகிறது. எண்ணி, எழுதி, வரிசைப்படுத்தி வைத்த புத்தகம். எடம் வீட்டுத் தோட்டக் குறிப்பின் பேத்தி என்று அதைச் சொல்லலாம்.

விஸ்லியில் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். ஐப்பசி மழை நிற்காத ஒரு மாலையில் பினாங்கு ஸ்ட்ரீட் பூக்கடையில் செண்பகம் வாங்கியபோது அதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். செண்பகத்துக்கு முன்பு மிச்சிலியா என்ற தனிப் பேரினம். இப்போது அதை மக்னோலியாவோடு சேர்த்துவிட்டார்கள். ஜானகி விஸ்லியில் வேலை செய்தது மக்னோலியாவில். கோபஸ் என்ற வகையின் நாற்றுகளின் முளையில் கோல்ச்சிசின் என்ற மருந்தை வைத்தார். நம் செங்காந்தளில் இருக்கும் அதே நஞ்சுதான். கிழங்கைத் தின்றால் ஆள் போய்விடும். அதே நஞ்சு சொட்டு அளவில் முளையில் பட்டால், செல்லுக்குள் குரோமோசோம்கள் இரட்டிப்பாகும், ஆனால் செல் இரண்டாகப் பிரியாது. இரட்டிப்புச் சுமையோடு வளரும் செடியின் இலை தடிக்கும், பூ பெருக்கும். அந்த மரங்கள் விஸ்லிக் குன்றில் இன்றும் வசந்தத்தில் வெள்ளையாகப் பூக்கின்றன. ஒன்றுக்கு அவர் பெயரே உண்டு.

செண்பகத்தை ஒருநாள் பிரித்துப் பாருங்கள். தலையில் வைத்துக்கொண்டு போய்விடாமல். இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்தால் நடுவில் ஒரு சின்னத் தூண். அடியில் மகரந்தக் குச்சிகள் நெருக்கமாகச் சுற்றி அடுக்கியிருக்கும். மேலே பச்சை மணிகள், அதுவும் சுருள் வட்டமாக, கதிர் மாதிரி. ஒவ்வொரு மணியும் பின்னால் காயாகும். பூ என்ற ஒன்று உலகத்தில் புதிதாக இருந்த காலத்து அமைப்பு இது. இதை எனக்கு முதலில் பிரித்துக் காட்டியது அப்பா. கீழே விழுந்த பூவில் காட்டினார். மரத்தில் இருப்பதைத் தொட விடமாட்டார். பூங்காவில் யார் பூப்பறித்தாலும், கல்யாணக் கோஷ்டியாக இருந்தாலும், நேரே போய் நின்றுவிடுவார். வீட்டுச் சாமிக்குக்கூட அங்கிருந்து ஒரு பூ வந்ததில்லை. அம்மாவுக்கு இதில் தீராத குறை. "பூங்காவுல வேலை, பூவை மட்டும் காசு கொடுத்து வாங்கறோம்."

ஜானகி அம்மாளின் கடைசி வருடங்கள் மெட்ராஸ் பக்கம் மதுரவாயலில், பல்கலைக்கழகத்தின் களநிலையத்தில், செடிகளுக்கும் பூனைகளுக்கும் நடுவே கழிந்தன. கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக்கூடாது என்று நின்றவர்களில் அவரும் ஒருவர். அவர் இறந்து ஒன்பது மாதத்தில் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தலைச்சேரியில் பார்க்கப் பழகிய கண், சுற்றி வந்து கடைசியில் அதே கேரளத்து மண்ணில் நின்றிருக்கிறது.

போன வாரம் நோட்டுகளை வரிசைப்படுத்தி முடித்தேன். பதினான்கு நோட்டு. 1976-ஆம் வருடத்து நோட்டில் ஒரு பக்கம்: "பெருமழை. பாப்பா கூட வந்தாள், பள்ளி லீவு. முழுசும் நனைந்துவிட்டாள்." பக்கத்தில் வட்டம், 9.

எண்ணிக்கொண்டே ஒன்பது நாள் தள்ளிப் பார்த்தேன். நடுவில் கடைக்கணக்கு குறுக்கிட்டிருந்தது, மருந்துக்கடை நாலு வெள்ளி. அதற்கடுத்து இது.

"புறாப்பூ. பாப்பாவுக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை, பார்க்க வர முடியாது. ஒன்று பறித்தேன்."